நீளமான ஆங்கிலச் சொற்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பள்ளிப் பிள்ளைகளோடு ஆங்கிலச் சொல் விளையாட்டு ஆடுகிறேன். பிள்ளைகளின் சந்தேகம் ஒரு பக்கம், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மா அப்பாக்கள் வாசலில் நின்று கேட்பது இன்னொரு பக்கம். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைக்கிறேன்.

சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. ஸ்பெல்லிங் முக்கியமான இடங்களில் எழுத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். கையில் ஒரு ஆங்கில அகராதி இருந்தால் தேடிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

மிஸ், இங்கிலீஷ்லயே ரொம்ப நீளமான வார்த்தை எது?

பெரிய அகராதிகளில் இருப்பதை வைத்துச் சொன்னால், நியூமோனோ‑அல்ட்ரா‑மைக்ரோஸ்காபிக்‑சிலிகோ‑வோல்கானோ‑கோனியோசிஸ். மொத்தம் 45 எழுத்து. நடுவில் நான் போட்டிருக்கும் கோடுகள் மூச்சு விடுவதற்குத்தான், ஆங்கிலத்தில் சேர்த்தே எழுத வேண்டும். மிக நுண்ணிய சிலிக்காத் தூசியை, குறிப்பாக எரிமலைத் தூசியை, சுவாசித்து நுரையீரலில் வரும் நோய் என்று பொருள்.

ஆனால் எந்த மருத்துவரும் மருந்துச் சீட்டில் இதை எழுத மாட்டார். அவர்களுக்கு அது சிலிகோசிஸ். கல்குவாரியிலும் கல் அறுக்கும் பட்டறையிலும் வேலை செய்பவர்களுக்கு வரும் கொடிய நோய் அது. 45 எழுத்துச் சொல்லை 1935‑இல் அமெரிக்காவில் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்ற புதிர்ச் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், நீளம் வேண்டும் என்பதற்காகவே உண்டாக்கினார். செய்தித்தாள் அதைப் போட்டது, பிறகு அகராதிகளும் ஏற்றுக்கொண்டன.

ரெண்டு லட்சம் எழுத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு வார்த்தை இருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, அது பொய்யா?

பொய் இல்லை, ஆனால் அதைச் சொல் என்று கணக்கில் எடுப்பதில்லை. நம் தசைகளில் டைட்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அறியப்பட்ட புரதங்களிலேயே மிகப் பெரியது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த மாலை. அந்த அமிலங்களின் பெயர்களை ஒன்று விடாமல் வரிசையாகச் சேர்த்து எழுதினால் 1,89,819 எழுத்து வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு வீட்டுக்கு அதன் செங்கல் ஒவ்வொன்றையும் சொல்லிப் பெயர் வைப்பது போன்றது இது. விதி இருப்பதால் எழுதலாம், ஆனால் யாரும் கூப்பிடுவதில்லை. வேதியியல் ஆய்வாளர்களே டைட்டின் என்றுதான் சொல்கிறார்கள். அகராதிகளிலும் அந்த ஐந்தெழுத்துதான் இருக்கிறது.

எழுத்தை எப்படி எண்ணணும்? நான் எண்ணினா வேற நம்பர் வருது.

தமிழில் எண்ணிப் பழகிய கண்ணுக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். ஸ்ட்ரெங்த்ஸ் என்பதைத் தமிழில் எழுதினால் ஆறு எழுத்து. ஆங்கிலத்தில் 9. நமக்கு ரெ என்பது ஓர் எழுத்து, அவர்களுக்கு ஆர், இ என்று இரண்டு. த் என்ற ஒலிக்கு டி, எச் என்று இரண்டு எழுத்து செலவாகிறது. ஆங்கிலத்தில் ஒலியை எண்ணாதீர்கள், தாளில் உள்ள குறிகளை எண்ணுங்கள். இடைவெளியும் இணைப்புக் கோடும் சேராது.

மொழி மாறினால் எண்ணிக்கையும் மாறும். வேல்ஸ் நாட்டில் ஆங்கிள்சீ தீவில் லான்வைர்புல்... என்று தொடங்கும் ஒரு கிராமம் இருக்கிறது. 1860களில் ரயிலில் வரும் பயணிகளைக் கவரவே பெயரை நீட்டினார்கள். ஆங்கிலக் கணக்கில் அது 58 எழுத்து. வெல்ஷ் மொழிக் கணக்கில் 51, ஏனென்றால் அங்கே இரட்டை எல் ஓர் எழுத்து, சி‑எச் ஓர் எழுத்து. ஊர்ப்பெயர் என்பதால் நீளமான ஆங்கிலச் சொற்களின் வரிசையில் நான் இதைச் சேர்ப்பதில்லை.

இவ்வளவு பெரிய ஸ்பெல்லிங்கை எப்படித்தான் மனப்பாடம் பண்றது?

மனப்பாடம் பண்ண வேண்டாம், பிரித்துப் போடுங்கள். முதல் கேள்வியில் வந்த சொல்லையே எடுத்துக்கொள்வோம். நியூமோனோ என்றால் நுரையீரல். அல்ட்ரா என்றால் மிகையான, மைக்ரோஸ்காபிக் என்றால் கண்ணுக்குத் தெரியாத. சிலிகோ, வோல்கானோ இரண்டும் தெரிந்தவை. கோனிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தூசி என்று பொருள், ஓசிஸ் என்ற விகுதி நோயைக் குறிக்கும். ஏழு துண்டுகள், அவ்வளவுதான். முதலில் நிற்கும் ஒலிக்காத பி மட்டும் நினைவிருக்கட்டும். கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் என்னுக்கு முன், எஸ்ஸுக்கு முன் இப்படி ஒரு பி ஊமையாக உட்கார்ந்திருக்கும். நிமோனியா, சைக்காலஜி எல்லாம் அந்தக் குடும்பம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், சில இடங்களில் ஓட்டோரைனோலாரிங்காலஜிஸ்ட் என்று இருக்கும். 21 எழுத்து. ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங்கோ குரல்வளை, லாஜிஸ்ட் அத்துறை அறிந்தவர். தமிழ்ப் பெயர் எந்த வரிசையில் சொல்கிறதோ அதே வரிசை. ரைனோ தெரிந்துவிட்டால் ரைனோசெரஸ், அதாவது காண்டாமிருகம், மூக்கில் கொம்புள்ளது என்று புரிந்துவிடும். எண்டோஸ்கோபி எடுக்கச் சொன்ன சீட்டில் ஈசோஃபாகோகாஸ்ட்ரோடியோடினோஸ்கோபி என்று பார்த்து ஒரு அம்மா பயந்துபோய் என்னிடம் காட்டினார். உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல், உள்ளே பார்ப்பது என்று நான்கு துண்டாகச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. அந்தச் சொல் அமெரிக்க ஸ்பெல்லிங்கில் 26 எழுத்து, பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் முன்னால் ஓர் ஓ சேர்ந்து 27.

பி‑எச்‑டி‑எச் நாலும் சேர்ந்து வர்ற வார்த்தைல எல்லாம் தப்பு விடுறேன். ஏன் இப்படி ஒரு ஸ்பெல்லிங்?

ஆஃப்தால்மாலஜிஸ்ட், டிஃப்தீரியா, பினாப்தலீன். மூன்றிலும் பெரியவர்களே முதல் எச்சை விட்டுவிடுகிறார்கள். கிரேக்கத்தில் ஃபை, தீட்டா என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. அவை ஒவ்வொன்றையும் லத்தீன்காரர்கள் இரண்டெழுத்தாக எழுதினார்கள். அதுதான் நான்கு மெய் வரிசையாக நிற்கக் காரணம். ஆஃப்தால்மோஸ் என்றால் கண், டிஃப்தெரா என்றால் தோல். தொண்டை அடைப்பான் நோயில் தொண்டையில் தோல் போல ஒரு படலம் படரும், அதனால் அந்தப் பெயர்.

பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்தில் நிறம் காட்டியாக ஊற்றுவோமே, அந்தப் பினாப்தலீன் 15 எழுத்து. பினால் என்பது ஒரு துண்டு. அடுத்த துண்டு தாலிக் அமிலத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்த அமிலத்துக்கோ நாஃப்தலீனின் பெயரில் முதல் இரண்டு எழுத்தைக் கழித்துவிட்டுப் பெயர் வைத்தார்கள். நாஃப்தலீன் வேறொன்றுமில்லை, பீரோவில் போடும் அந்துருண்டை. பிள்ளைகளிடம் இதைச் சொன்ன பிறகு அந்த எச் தவறுவதே இல்லை.

ஃப்ளோக்சி... நாக்சி... ன்னு ஒன்னு இருக்காமே, அதுக்கு என்ன அர்த்தம்?

ஃப்ளோக்சி‑நாசி‑நிஹிலி‑பிலி‑ஃபிகேஷன். 29 எழுத்து. ஒன்றை ஒன்றுக்கும் உதவாதது என்று மதிப்பிடுவது. நாம் துரும்பாக மதிப்பது என்கிறோமே, அதே எண்ணம்தான். பழைய லத்தீன் இலக்கணப் பாடத்தில், அற்பமாக மதித்தல் என்பதற்கு மாணவர்கள் நான்கு சொற்களை ஒன்றாகப் படிப்பார்கள். ஃப்ளோக்சி கம்பளித் துணுக்கு, நாசி அற்பப் பொருள், நிஹிலி ஒன்றுமில்லாதது, பிலி மயிர். நான்கையும் ஒட்டவைத்துக் கடைசியில் ஒரு விகுதி சேர்த்தார்கள். வில்லியம் ஷென்ஸ்டன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1741‑இல் ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார்.

எழுத்துப் பிரியர்களுக்கு இது ஒரு புதையல். ஐ என்ற எழுத்து ஒன்பது முறை வருகிறது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்தான இ ஒரு முறைகூட வரவில்லை.

எங்க காலத்துல ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் தான் நீளம்னு படிச்சோம். அது தப்பா?

28 எழுத்து. அந்தக் காலத்து ஆசிரியர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. விளையாட்டுக்காகச் செய்ததை விட்டுவிட்டால், ஓர் உண்மையான அரசியல் சண்டையில் பிறந்த நீளமான சொல் இதுதான் என்று நானும் நினைக்கிறேன். 45 எழுத்துக்காரரை விட எனக்கு இதன் மேல்தான் மரியாதை அதிகம்.

இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் திருச்சபை சட்டப்படி அரசுத் திருச்சபை. இந்த இடத்தில் எஸ்டாப்ளிஷ் என்றால் அப்படிச் சட்ட அங்கீகாரம் தருவது. 19ஆம் நூற்றாண்டில் அதை நீக்கச் சொல்லிக் கிளர்ச்சி எழுந்தது. அது டிஸ்எஸ்டாப்ளிஷ்மென்ட். நீக்கக் கூடாது என்று எதிர்த்தவர்களின் கொள்கைதான் இந்த முழுச் சொல். அயர்லாந்தில் எதிர்ப்பாளர்கள் தோற்றார்கள்: 1869‑இல் சட்டம் வந்து 1871‑இல் நடைமுறையானது. வேல்ஸில் 1920‑இல் நீங்கியது. இங்கிலாந்தில் இன்றுவரை நீங்கவில்லை, மன்னர்தான் திருச்சபையின் தலைமை ஆளுநர். 1955‑இல் அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில் 12 வயதுச் சிறுமி இந்த ஸ்பெல்லிங்கைச் சரியாகச் சொன்னாள், அதன் பிறகு சொல்லின் புகழ் இன்னும் ஏறியது.

அப்போ டிக்‌ஷனரியில இருக்கிறதுலயே பாதி விளையாட்டுக்கு உண்டாக்கினதா?

பாதி இல்லை, ஆனால் உச்சியில் இருக்கும் சிலவற்றில் விளையாட்டு உண்டு. 34 எழுத்துள்ள சூப்பர்கலிஃப்ராஜிலிஸ்டிக்எக்ஸ்பியாலிடோஷியஸ் 1964‑இல் வந்த மேரி பாப்பின்ஸ் படத்தால் பரவியது, அருமையோ அருமை என்கிற மாதிரிப் பொருள். நீளமான சொற்களைக் கண்டு பயப்படுவதற்கு ஹிப்போபோட்டோமான்ஸ்ட்ரோசெஸ்க்விபெடாலியோஃபோபியா என்று ஒன்றைப் பரப்பிவிட்டிருக்கிறார்கள். 35 எழுத்து, சிலர் ஒரு பி கூடுதலாகப் போட்டு 36 என்பார்கள். முன்னால் இருக்கும் நீர்யானையும் பூதமும் நீளத்துக்காகச் சேர்த்தவை. பின்னால் இருக்கும் செஸ்க்விபெடாலியா மட்டும் பழைய சரக்கு. ரோமானியக் கவிஞர் ஹோரஸ், ஆடம்பரச் சொற்களை ஒன்றரை அடி நீளச் சொற்கள் என்றார், அதிலிருந்து வந்தது.

விளையாட்டே இல்லாத ஒன்று வேண்டுமா? சூடோசூடோஹைப்போபாராதைராய்டிசம், 30 எழுத்து. பாராதைராய்டு சுரப்புக் குறைவு போலத் தோன்றும் ஒரு பரம்பரை நோய்க்குச் சூடோ, அதாவது போலி, என்று பெயர் வைத்திருந்தார்கள். அதே உடல் அமைப்பு இருந்தும் ரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்தவர்களை 1952‑இல் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு கண்டது. போலிக்கே போலி என்று இன்னொரு சூடோ சேர்த்தார்கள். மருத்துவ நூல்களில் இது இன்றும் இருக்கிறது.

ஏ இ ஐ ஓ யு அஞ்சும் வர்ற வார்த்தை கேட்டாங்க, எஜுகேஷன் எழுதினேன். சரிதானே?

சரிதான். ஐந்தும் இருக்கின்றன, வரிசைதான் கலைந்திருக்கிறது. வரிசையாகவே வேண்டுமென்றால் ஃபசீஷியஸ், அப்ஸ்டீமியஸ். முதலாவது, இடம் பார்க்காமல் வேடிக்கையாகப் பேசும் குணம். இரண்டாவது, உண்பதிலும் குடிப்பதிலும் அளவோடு இருப்பது. இரண்டுக்கும் கடைசியில் எல்‑ஒய் சேர்த்தால் ஒய்யும் வரிசையில் வந்து நின்றுவிடும்.

எனக்குப் பிடித்தது தலைகீழ் வரிசை. யு, ஓ, ஐ, இ, ஏ என்று ஒவ்வொன்றும் ஒரே முறை வரும் சொல் நம்மைப் பற்றியதே: சப்கான்டினென்டல், துணைக்கண்டத்தைச் சேர்ந்த. 14 எழுத்து. அன்காம்ப்ளிமென்டரி என்ற 15 எழுத்துச் சொல்லிலும் அதே தலைகீழ் வரிசை உண்டு, பாராட்டாத, குறைவாகப் பேசுகிற என்று பொருள்.

உயிரெழுத்தே இல்லாம இங்கிலீஷ்ல வார்த்தை இருக்கா?

ஒய்யை உயிராக எண்ணாவிட்டால் ரிதம்ஸ், தாளங்கள், 7 எழுத்து. சிசிஜி என்று ஆறெழுத்தில் ஒன்று உண்டு. சூரியன், பூமி, நிலா மூன்றும் நேர்கோட்டில் வருவது, அமாவாசையும் பௌர்ணமியும்தான் அது. ஆனால் காதுக்கு அங்கே இ என்ற உயிர் கேட்கிறது. ஒய் அந்த வேலையைச் செய்கிறது.

ஒய்யும் இல்லாமல் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு கூம் என்ற சொல்லைத் தருவேன். சி, டபிள்யூ, எம், மூன்றே எழுத்து. வெல்ஷ் மொழியில் டபிள்யூவுக்கு உயிர் ஒலி உண்டு. மலைகளுக்கிடையே கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு என்று பொருள். எவரெஸ்டில் ஏறும் வழியில் வெஸ்டர்ன் கூம் என்று ஓர் இடம் இருக்கிறதே, 1921‑இல் ஜார்ஜ் மலோரி வைத்த பெயர் அது. ஒரே ஓர் உயிர் மட்டும் உள்ள நீளச் சொல் எது என்று கேட்டால் மேலே எண்ணிய ஸ்ட்ரெங்த்ஸ்.

உயிர் கம்மியா இருந்தா மெய் எத்தனை வரைக்கும் வரிசையா வரும்?

கேட்ச்ஃபிரேஸ் என்ற சாதாரணச் சொல்லிலேயே நடுவில் ஆறு மெய் வரிசையாக இருக்கின்றன. ஏழு வேண்டுமானால் ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய். பெருங்குடலின் ஒரு பகுதியில் நரம்புச் செல்கள் இல்லாமலே குழந்தை பிறப்பதால் வருவது, அதை விவரித்த டென்மார்க் மருத்துவரின் பெயரே நோய்க்கு.

கியூ வந்தா பக்கத்துல யு வந்தே ஆகணும்னு ஸ்கூல்ல சொன்னாங்க. கத்தார்ல இல்லையே?

லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த சொற்களுக்குத்தான் அந்த விதி. கத்தாரும் ஈராக்கும் அரபு. அரபியில் காஃப் என்று ஓர் எழுத்து இருக்கிறது, தொண்டையின் அடியிலிருந்து வரும் க ஒலி. சாதாரண க ஒலிக்குக் கே இருப்பதால், அதிலிருந்து பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் கியூவைப் போட்டார்கள். கவ்வாலி, ஃபக்கீர், புர்கா, நிகாப், தலாக் எல்லாம் இப்படி யு இல்லாமல் ஆங்கில அகராதிக்குள் வந்தவை. நிலத்தடியில் தண்ணீர் கொண்டுவரும் பாரசீகக் கால்வாய்க்குக் கனாத் என்று பெயர், அதுவும் இந்தக் கூட்டம்தான்.

ஸ்கிராபிள் ஆடுகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் உயிர் காக்கும். கியூவுக்கு 10 புள்ளி, ஆனால் கையில் யு இருக்காது. சீன மொழியில் உயிராற்றலைக் குறிக்கும் சீ என்ற சொல், கியூ ஐ என இரண்டே எழுத்து, கட்டத்தில் எங்கேயாவது நுழைந்துவிடும்.

ஒரு எழுத்து கூட ரெண்டு தடவை வராத நீளமான வார்த்தை?

அன்காப்பிரைட்டபிள், காப்புரிமை பெற முடியாதது. டெர்மடோகிளிஃபிக்ஸ், தோல் ரேகைகளைப் பற்றிய படிப்பு. இரண்டும் 15 எழுத்து. இதற்கு மேல் நீளுவது ஏன் கடினம் என்று யோசித்துப் பாருங்கள். ஒய்யையும் சேர்த்து உயிர் ஆறுதான், ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் செலவழிக்கலாம். அன்காப்பிரைட்டபிளில் ஆறும் தீர்ந்துவிட்டன. டெர்மடோகிளிஃபிக்ஸில் யு ஒன்றுதான் மிச்சம். ஸ்கிராபிள் பலகையின் ஒரு வரிசையிலும் சரியாக 15 கட்டம்தான்.

டெர்மடோகிளிஃபிக்ஸ் என்ற பெயரை 1926‑இல் ஹரால்ட் கம்மின்ஸ் உண்டாக்கினார். ஆனால் கைரேகையை வைத்து ஆளை அடையாளம் காண ஓர் அலுவலகம் 1897‑லேயே கல்கத்தாவில் திறந்துவிட்டது. அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் உழைத்தார்கள்.

அப்போ ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வர்றது?

ஒன்பது ஐ வரும் சொல்லை மேலே பார்த்தோம். பிரிக்க முடியாத தன்மை என்று பொருள்படும் இன்டிவிசிபிலிட்டியில் ஆறு ஐ. உடைமையற்ற நிலையைச் சொல்லும் பொசெஷன்லெஸ்னெஸில் எட்டு எஸ். ஹவாய்த் தீவுகளின் மீன் ஹுமுஹுமுநுகுநுகுஆபுஆஆ, 21 எழுத்தில் ஒன்பது யு.

கணக்குப்பிள்ளை என்று பொருள்படும் புக்கீப்பர் தனி ரகம். ஓ ஓ, கே கே, இ இ என்று மூன்று இரட்டைகள் ஒட்டி நிற்கின்றன. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது ஒரு கே‑யை விட்டுவிடாதீர்கள், புக் ஒரு சொல், கீப்பர் ஒரு சொல் என்று நினைத்தால் இரண்டு கே தானாக வரும்.

கீபோர்டுல மேல் வரிசையில மட்டும் அடிக்கிற வார்த்தை எது மிஸ்?

டைப்ரைட்டர், 10 எழுத்து. ப்ரொப்ரைட்டர், ரெப்பர்ட்வார், பர்பெச்சுயிட்டி மூன்றும் அதே 10. இடது கை மட்டும் போதும் என்றால் ஸ்டூவர்டஸஸ், விமானப் பணிப்பெண்கள், 12 எழுத்து. வலது கைக்கு லாலிபாப்.

பொண்ணு கம்பெனில ஐ‑18‑என் னு ஏதோ எழுதுறா. அதுவும் வார்த்தையா?

இன்டர்நேஷனலைசேஷன் என்பதன் சுருக்கம். முதல் எழுத்து ஐ, கடைசி எழுத்து என், நடுவில் 18 எழுத்து, மொத்தம் 20. ஒரு மென்பொருளை எந்த நாட்டு மொழிக்கும் எழுத்துக்கும் ஏற்றபடி கட்டிவைப்பது. பிறகு அதைத் தமிழுக்கோ ஜப்பானிய மொழிக்கோ மாற்றுவது லோக்கலைசேஷன், எல்‑10‑என். தமிழில் கைப்பேசி பேசுகிறதென்றால் உங்கள் பெண்ணைப் போன்றவர்கள் செய்கிற அந்த வேலையால்தான்.

ஆங்ரி, ஹங்ரி, ஜி‑ஆர்‑ஒய்ல முடியிற மூணாவது வார்த்தை எது? யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க.

சொல்ல முடியாததற்குக் காரணம், அன்றாடப் புழக்கத்தில் மூன்றாவது இல்லை. 1970களில் இருந்து அமெரிக்காவில் சுற்றிவரும் புதிர் இது. அதன் ஒரு வடிவம் வார்த்தை ஜாலம். ஆங்கில மொழி என்பதற்கான த இங்கிலீஷ் லாங்குவேஜ் என்ற மூன்று சொல் தொடரைச் சொல்லி அதில் மூன்றாவது சொல் எது என்று கேட்பார்கள், விடை லாங்குவேஜ். கைமாறிக் கைமாறி அந்த வாக்கியம் சிதைந்து, இப்போது நீங்கள் கேட்கும் கேள்வியாகிவிட்டது.

பெரிய அகராதிகளைத் துழாவினால் மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய கண்ணாடி மணியான ஆக்ரியும், நம் பக்கத்துப் பகடி, அதாவது தலைப்பாகை, ஆங்கிலேயர் வாயில் பக்ரி ஆனதும் கிடைக்கும். இன்னொரு சுவையான செய்தி. பசியால் வரும் கோபத்தைச் சொல்லும் ஹாங்ரி 2018‑இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது. இனி யாராவது கேட்டால் தைரியமாக அதைச் சொல்லுங்கள்.

26 எழுத்தும் வர்ற வாக்கியம் எழுதச் சொன்னாங்க. க்விக் பிரவுன் ஃபாக்ஸ் எழுதியும் தப்பு போட்டுட்டாங்க!

ஜம்ப்டு என்று எழுதியிருப்பீர்கள். த க்விக் பிரவுன் ஃபாக்ஸ் ஜம்ப்ஸ் ஓவர் த லேசி டாக் என்பதுதான் முழு வாக்கியம், அதில் எஸ் என்ற எழுத்து ஜம்ப்ஸ் என்ற ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இறந்தகாலமாக்கினால் எஸ் காணாமல் போய்விடும். நரி இப்போது தாண்ட வேண்டும், நேற்று தாண்டக் கூடாது. அதன் மொத்த நீளம் 35 எழுத்து. பேக் மை பாக்ஸ் வித் ஃபைவ் டஜன் லிக்கர் ஜக்ஸ் என்பது 32.

ஒவ்வொன்றும் ஒரே முறை, மொத்தம் 26 மட்டும் என்றால்: கூம் ஃபியோர்ட் பாங்க் கிளிஃப்ஸ் வெக்ஸ்ட் க்விஸ். மேலே சொன்ன கூம் இங்கே உதவுகிறது. கிண்ணப் பள்ளத்தாக்கில் உள்ள கடற்கழியின் கரையில் செதுக்கியிருந்த குறிகள் ஒரு கிறுக்கரை எரிச்சலூட்டின என்று பொருள். க்விஸ் என்பதற்கு விசித்திர ஆசாமி என்று பழைய பொருள் உண்டு. வெக்ஸ்ட் பழைய ஸ்பெல்லிங்.

இ எழுத்தே இல்லாம ஒரு நாவல் எழுத முடியுமா?

எழுதியிருக்கிறார்கள். 1939‑இல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்பவர் கேட்ஸ்பி என்ற நாவலை 50,000 சொற்களுக்கு மேல் இ இல்லாமல் எழுதினார். தட்டச்சு இயந்திரத்தில் இ விசையைக் கட்டிப்போட்டுவிட்டார். த, ஹி, ஷி, தெம் எதையும் தொட முடியாது. பெரும்பாலான இறந்தகால வினைகளுக்கு இ‑டி வேண்டும், அதுவும் போயிற்று. ஏ இல்லாமல் எழுதுவது இதை விட எளிது. எண்களையே பாருங்கள், ஒன்றிலிருந்து 999 வரை ஆங்கிலத்தில் எழுதினாலும் ஏ வராது, தவுசண்ட் வந்தால்தான் வரும். ஆனால் நூறுக்குப் பிறகு நடுவில் அண்ட் போடக் கூடாது, போட்டால் 101‑லேயே வந்துவிடும்.

நமக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. உதடு ஒட்டாமல் சொல்லும்படி பாடுவதை நிரோட்டகம் என்பார்கள். துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன் மேல் ஓர் அந்தாதியே அப்படிப் பாடினார். யாதனின் யாதனின் நீங்கியான் நோதல், அதனின் அதனின் இலன் என்ற குறளைச் சொல்லிப் பாருங்கள், உதடுகள் ஒட்டாது.

நம்ம தமிழ் வார்த்தை ஏதாவது இங்கிலீஷ்ல நீளமா இருக்கா?

மல்லிகடானி, 12 எழுத்து. மிளகுத்தண்ணீர்தான். நம் வீட்டில் ரசம் போல இருந்தது, அவர்கள் வீட்டில் இறைச்சியும் பருப்பும் சேர்ந்து சூப் ஆகிவிட்டது. பச்சிலை பட்சூலி ஆகி வாசனைத் திரவியக் கடைக்குப் போனது. கட்டுமரம் கேட்டமரான் ஆனது, 9 எழுத்தில் நான்கு உயிர், நான்கும் ஏ. ஆனால் பொருள் மாறிவிட்டது. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். அவர்கள் சொல்வது இரண்டு உடல் கொண்ட படகு.

ஷேக்ஸ்பியர் நாடகத்தை எழுதினது வேற ஆளுன்னு ஒரு நீள வார்த்தைக்குள்ள ரகசியம் இருக்காமே, உண்மையா?

ஹானரிஃபிகாபிலிடூடினிடாடிபஸ். லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் வருகிறது, ஷேக்ஸ்பியரில் இதைவிட நீளமான சொல் கிடையாது. 27 எழுத்து. மெய், உயிர், மெய், உயிர் என்று தொடக்கம் முதல் முடிவு வரை மாறி மாறி வரும், எங்கேயும் இடறாது. பெருமைகளுக்கு உரியவராகும் தன்மை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது, வேற்றுமை உருபோடு நிற்கிறது.

1910‑இல் எட்வின் டர்னிங் லாரன்ஸ் என்பவர் இந்த 27 எழுத்தையும் மாற்றி அடுக்கி, இந்த நாடகங்கள் எஃப். பேக்கனின் பிள்ளைகள், உலகுக்காகக் காக்கப்பட்டவை என்று ஒரு லத்தீன் வாக்கியம் எடுத்தார். நாடகங்களை எழுதியவர் ஃபிரான்சிஸ் பேக்கன் என்பது அவர் கட்சி. நான் அதை ஏற்கவில்லை. பேக்கன் பிறந்தது 1561‑இல். 1321‑இல் இறந்த இத்தாலியக் கவிஞர் தாந்தே இதே சொல்லை எடுத்துக்காட்டி, 12 அசை இருப்பதால் 11 அசை அடிக்குள் அடங்காது என்று எழுதியிருக்கிறார். பேக்கன் பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே புழங்கிய சொல்லில் அவர் பெயரை யார் ஒளித்துவைத்திருக்க முடியும்?

27 எழுத்தில் 13 உயிர் இருந்தால் எதை வேண்டுமானாலும் அடுக்கலாம். அந்த எழுத்துகளை அட்டைகளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். முதலில் ட்யூஷன் எடுத்தார்கள், அப்புறம் ரேடியோ. கடைசியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி டிஸ்ட்ரிப்யூஷன் என்று 12 அட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு, மிச்சம் 15‑ஐயும் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா மிஸ் என்று கேட்டாள்.